19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ப்ரூஃப் தங்க நாணயங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நாணயம் சேர்ப்பவர்களுக்கு மெக்சிகோ பேசோவும் பிரிட்டிஷ் சவரனும் பழக்கமானவை. அமெரிக்க ப்ரூஃப் தங்கம், அதாவது சேகரிப்பாளர்களுக்கும் பரிசுக்குமென்று தனிக் கவனத்தோடு அடித்த தங்க நாணயம், என்று வந்தால் எல்லோரும் கொஞ்சம் தயங்குவார்கள். விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எது உண்மையான ப்ரூஃப் என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சாதாரண நாணயத்துக்கும் ப்ரூஃபுக்கும் என்ன வித்தியாசம்?

தயாரிக்கும் முறைதான் வித்தியாசம். நாணயத்தின் இன்றைய நிலைக்கும் அது ப்ரூஃபா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பத்து வருடம் பையில் கிடந்து தேய்ந்துபோனாலும் ப்ரூஃப் ப்ரூஃப்தான்.

பிலடெல்பியா நாணயச்சாலையில் ப்ரூஃபுக்கென்று அச்சுகளைத் தனியாக மெருகேற்றுவார்கள். அடிக்கப்போகும் வெற்றுத் தங்க வில்லையையும் துடைத்துப் பளபளப்பாக்குவார்கள். அப்புறம் மெடல் அடிக்கும் இயந்திரத்தில் வைத்து, கூடுதல் அழுத்தத்தில் ஒவ்வொன்றாக அடித்துக் கையால் எடுப்பார்கள். புழக்க நாணயங்களைப் போலச் சரிவில் உருண்டு மூட்டைக்குள் விழுவதில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாணயத்தில் மேலெழுந்து தெரியும் லிபர்ட்டியின் (சுதந்திர தேவியின்) தலையும் கழுகும் அச்சில் பள்ளமாக இருக்கும். மெருகேற்றும்போது சமதளம்தான் தேய்ந்து கண்ணாடியாகும். பள்ளத்துக்குள் கருவி போகாது. அதனால்தான் நல்ல ப்ரூஃபில் சுற்றியுள்ள தளம் கறுத்த கண்ணாடி போலவும், உருவம் மட்டும் வெண்மையாக மங்கியும் தெரிகிறது. இந்த வேறுபாட்டைத்தான் கேமியோ என்கிறார்கள். மிக அழுத்தமாக இருந்தால் டீப் கேமியோ. அடிக்க அடிக்க உருவத்தின் மங்கல் குறையும். ஆனால் தங்க ப்ரூஃப்களைப் பல ஆண்டுகளில் அடித்ததே இருபது முப்பதுதான் என்பதால் பெரும்பாலானவற்றில் அது நன்றாகவே நிற்கிறது.

என்னென்ன மதிப்பில் அடித்தார்கள்? எவ்வளவு தங்கம்?

1 டாலர், 2.50 டாலர் (குவார்ட்டர் ஈகிள்), 3 டாலர், 5 டாலர் (ஹாஃப் ஈகிள்), 10 டாலர் (ஈகிள்), 20 டாலர் (டபுள் ஈகிள்). 3 டாலர் நாணயம் 1854 முதல் 1889 வரைதான் வந்தது. 1 டாலர் 1849இல் தொடங்கி, அதுவும் 1889இல் நின்றது.

1837க்குப் பிறகு எல்லாம் ஆயிரத்துக்கு 900 பங்கு தங்கம். மீதி பெரும்பாலும் செம்பு. நம் கணக்கில் சொன்னால் 21.6 காரட், அதாவது 22 காரட் சவரனைவிடச் சற்றுக் குறைவு. எடை: டபுள் ஈகிள் 33.436 கிராம், ஈகிள் 16.718, ஹாஃப் ஈகிள் 8.359, குவார்ட்டர் ஈகிள் 4.18, 3 டாலர் 5.015, 1 டாலர் 1.672 கிராம். டபுள் ஈகிள் ஒன்று நான்கு சவரனைத் தாண்டும்.

ஏன் இவ்வளவு குறைவாக அடித்தார்கள்?

வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான். 1850களின் கடைசியில்தான் நாணயச்சாலை பொதுமக்களுக்கு ப்ரூஃப்களை ஒழுங்காக விற்கத் தொடங்கியது. அதற்கு முன் அடித்தவை அதிகாரிகளுக்கும், தெரிந்த சேகரிப்பாளர்களுக்கும், வெளிநாட்டுப் பரிசுகளுக்கும் போனவை. ஆறு தங்க நாணயங்களின் முகமதிப்பைக் கூட்டினால் 41.50 டாலர். அந்தக் காலத்தில் அது ஒரு தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்துக்குக் குறையாது. வெள்ளி ப்ரூஃப் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் தங்கத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

போதாததற்கு உள்நாட்டுப் போர். 1861 டிசம்பர் கடைசியில் வங்கிகள் காகிதப் பணத்துக்குத் தங்கம் தருவதை நிறுத்தின. 1879 ஜனவரியில்தான் அது பழைய நிலைக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் தங்க நாணயம் வேண்டுமென்றால் முகமதிப்புக்கு மேல் காகிதப் பணம் கொடுக்க வேண்டும். 1863இல் குவார்ட்டர் ஈகிள் ப்ரூஃப் 30 மட்டுமே; அந்த ஆண்டு பிலடெல்பியாவில் புழக்கத்துக்கென்று அந்த நாணயத்தை அடிக்கவே இல்லை. 1875இல் ஒவ்வொரு மதிப்பிலும் 20 ப்ரூஃப். விற்காமல் கிடந்தவற்றை உருக்கினார்கள், இல்லையென்றால் சாதாரணப் பணமாகச் செலவழித்துவிட்டார்கள். ஆகவே பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையில் பாதி இன்று இருந்தாலே பெரிய விஷயம்.

பதிவேட்டை அப்படியே நம்பவும் முடியாது. 1875 மூன்று டாலரின் அதிகாரபூர்வ எண்ணிக்கை 20; பின்னாளில் அதே தேதியில் மறுபடி அடித்திருக்கிறார்கள் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பிலடெல்பியாவில் அந்தக் காலத்தில் நடந்த பின்வாசல் வேலைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

கண்ணாடி போல மின்னுகிறதே, ப்ரூஃப்தானே?

இந்த ஒரு கேள்வியில்தான் அதிகப் பணம் பறிபோகிறது.

புதிய அச்சில் முதலில் விழும் புழக்க நாணயங்களும் மின்னும். மொத்தமே சில நூறு அடித்த ஆண்டென்றால் கடைசி நாணயம்வரை அந்த மினுக்கம் போகாது. 1882 டபுள் ஈகிளைப் பாருங்கள்: புழக்கத்துக்கு 571, ப்ரூஃப் 59. 1875 குவார்ட்டர் ஈகிள்: புழக்கத்துக்கு 400, ப்ரூஃப் 20. இந்தப் புழக்க நாணயங்கள் பலவும் பார்க்க ப்ரூஃப் போலவே இருக்கும். விலை மட்டும் வேறு.

அப்படியானால் எங்கே பார்ப்பது? முதலில் விளிம்பு. ப்ரூஃபில் விளிம்பின் உள்புறமும் வெளிப்புறமும் செங்குத்தாக, கத்தியால் வெட்டியது போல இருக்கும். ஓரத்துப் பற்கள் ஒவ்வொன்றும் முழுதாகத் தனித்தனியே நிற்கும். புழக்க நாணயத்தில் அந்த இடம் சற்று உருண்டிருக்கும். அடுத்து மயிரின் நுனி, கழுகின் கழுத்து, நட்சத்திரங்களின் நடுக்கோடு. அழுத்தம் போதாவிட்டால் முதலில் சொதப்புவது இவைதான்.

மூன்றாவது, தளத்தைப் பத்து மடங்கு லென்ஸில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்ப்பது. அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த தங்க ப்ரூஃப்களில் கண்ணாடித் தளம் ஒரே மட்டமாக இருக்காது. மிக மெல்லிய அலையலையான புள்ளிகள் தெரியும். ஆரஞ்சுத் தோல் என்று அங்கே சொல்வார்கள். போலி செய்பவர்களுக்கு இதைக் கொண்டுவருவது கஷ்டம். தளத்தில் குழிந்த சிறு வளைகோடுகளும் இருக்கலாம். அச்சைத் துடைத்த துணியின் நூலிழை அதில் ஒட்டி, நாணயத்தில் பதிந்த தடம் அது. சேதம் என்று நினைத்துவிடாதீர்கள்; அந்த நாணயத்தை வாழ்நாள் முழுக்க அடையாளம் காட்டப்போவது அதுதான்.

இத்தனையும் பார்த்தாலும் தீர்ப்பு சொல்வது அச்சு. இருபது நாணயம் அடிக்க ஒரு ஜோடி அச்சு போதும். ஆகவே ஒரு குறிப்பிட்ட ஆண்டின் ப்ரூஃப்களில் தேதி எந்த இடத்தில் விழுந்திருக்கிறது, எந்த எழுத்தருகே மெருகுக் கோடு ஓடுகிறது, அதிகமாகத் தேய்த்ததால் உருவத்தின் எந்த மெல்லிய பகுதி மறைந்திருக்கிறது என்பதெல்லாம் தெரிந்த விஷயங்கள். உங்கள் கையிலுள்ள நாணயத்தில் தேதியின் முதல் எண் கழுத்துக்கு நேர்கீழே தொடங்க வேண்டிய இடத்தில் இல்லாமல் தள்ளி இருந்தால், அது எவ்வளவு மின்னினாலும் எனக்கு அக்கறை இல்லை. சில ஆண்டுகளில் அதே அச்சையே பிறகு புழக்க நாணயத்துக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது வேறு தலைவலி. அப்போது மறுபடி விளிம்புக்கும் தளத்துக்கும் திரும்ப வேண்டியதுதான்.

ப்ரூஃப் மட்டுமே அடித்த ஆண்டுகளில் இந்தச் சிக்கல் கிடையாதே?

குழப்பம் குறைவு, மோசடி அதிகம். பிலடெல்பியாவில் 1883, 1884, 1887 ஆகிய ஆண்டுகளில் டபுள் ஈகிள் ப்ரூஃபாக மட்டுமே வந்தது: முறையே 92, 71, 121. 1887 ஹாஃப் ஈகிளும் அப்படித்தான், 87. ஆனால் அதே ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை லட்சக்கணக்கில் புழக்க நாணயம் அடித்தது. அதில் கழுகின் வாலுக்குக் கீழே, அந்த நாணயச்சாலையைக் குறிக்க, சின்னதாக ஓர் எஸ் இருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, தளத்தை மெருகேற்றிவிட்டால் ‘அரிய பிலடெல்பியா நாணயம்’ தயார்.

எனவே தேதியைப் பார்த்ததும் பின்பக்கத்தைத் திருப்புங்கள். வாலுக்குக் கீழே தளம் லேசாகக் குழிந்திருக்கிறதா, அந்த இடத்தின் நிறமும் மினுக்கமும் மட்டும் மாறியிருக்கிறதா, நுண்ணிய கீறல்கள் ஒரே திசையில் போகின்றனவா என்று பாருங்கள். 1841 குவார்ட்டர் ஈகிளிலும் இதே வேலை நடந்திருக்கிறது. லிட்டில் பிரின்சஸ் என்று செல்லமாக அழைக்கப்படும் அந்த பிலடெல்பியா நாணயம் பதிவேட்டிலேயே இல்லாதது, தெரிந்தவை இருபதுக்குள். ஷார்லட், டலோனிகா கிளை நாணயச்சாலைகளில் அதே ஆண்டில் அடித்தவற்றின் நாணயச்சாலை எழுத்தை நீக்கி அதுவாகக் காட்டப் பார்ப்பார்கள்.

தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து உரைத்துப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். உரைகல்லில் ஒரே ஒரு இழுப்பு, நாணயத்தின் விலையில் பாதி போய்விடும். அதுவும் தங்கம் என்று தெரிந்தால் மட்டும் போதாது. நல்ல போலிகள் சரியான தங்கத்தில்தான் செய்யப்பட்டிருக்கின்றன.

சேதமில்லாமல் செய்யக்கூடியவை: 0.01 கிராம்வரை காட்டும் தராசில் எடை, வெர்னியரில் விட்டம், தண்ணீரில் தொங்கவிட்டு ஒப்படர்த்தி. 900 தங்கத்துக்கு அது 17.2 அளவில் வரும். எக்ஸ்ரே கருவியும் நாணயத்தைத் தொடாமல் மேற்பரப்பின் கலவையைச் சொல்லும், மேற்பரப்பை மட்டும். முலாம் பூசியிருந்தால் ஏமாறலாம் என்பதால் எடை இல்லாமல் அதை நம்பக்கூடாது.

முலாம் என்பது இங்கே வெறும் சந்தேகம் இல்லை. நாணயச்சாலையே தங்க நாணயத்தின் அச்சுகளால் செம்பிலும் அலுமினியத்திலும் மாதிரிகள் அடித்திருக்கிறது. அந்தச் செம்பு மாதிரிகள் சிலவற்றுக்குத் தங்க முலாம் பூசியிருக்கிறார்கள். அச்சு உண்மை, இடம் உண்மை, காலம் உண்மை, தங்கம் மட்டும் இல்லை. செம்பின் அடர்த்தி ஏறக்குறைய 8.9 என்பதால் தராசில் வைத்த நொடியே குட்டு வெளிப்பட்டுவிடும்.

போலிகள் எப்படி இருக்கும்?

1950, 60களில் மத்திய கிழக்கில், முக்கியமாக லெபனானில், முழு எடைத் தங்கத்தில் அமெரிக்க நாணயப் போலிகள் நிறையத் தயாராயின. உலோக விலையைவிட நாணயத்துக்கு அதிகம் கிடைத்ததால் முழுத் தங்கம் போட்டும் லாபம் பார்த்தார்கள். பெரும்பாலும் புழக்க நாணயங்கள்தான். ஆனால் அவற்றில் மெருகேற்றியவை ப்ரூஃப் என்று சுற்றுகின்றன.

போலி அச்சு ஓர் உண்மை நாணயத்திலிருந்து படியெடுத்தது. அந்த நாணயத்தில் இருந்த அடிபட்ட குழி அச்சுக்கு வந்து, அதில் அடித்த எல்லா நாணயங்களிலும் அதே இடத்தில் திரும்ப வரும். குழியின் அடிப்பகுதி மற்ற தளத்தைப் போலவே மின்னினால் அது அச்சிலிருந்து வந்தது. உண்மையான அடி என்றால் உலோகம் நசுங்கித் தெரியும். ஓரத்துப் பற்களிலிருந்து உள்நோக்கிக் கிளம்பும் கூர்மையான முட்கள், எழுத்துகள் மாவில் அழுத்தியதுபோல் மழுங்கியிருப்பது, தளத்தில் மேலெழுந்த பொட்டுகள் எல்லாம் எச்சரிக்கை மணிகள்.

இந்தத் தொழிலில் ஒரு மகா கலைஞன் இருந்தான். யாரென்று இன்றுவரை தெரியாது. அவன் செய்த 1882 மூன்று டாலரில், லிபர்ட்டி என்ற சொல்லின் ஆர் எழுத்தின் வளையத்துக்குள் கிரேக்க ஒமேகா எழுத்தைப் பொடியாகப் பொறித்து வைத்திருக்கிறான். கையெழுத்துப் போடும் கள்ளன்! லென்ஸ் இல்லாமல் கண்ணில் படாது.

1804 ஈகிள் ப்ரூஃப் 1804இல் அடித்தது இல்லையாமே?

இல்லை, 1834இல் அடித்தது. ஆசிய அரசர்களுக்குப் பரிசளிக்க அமெரிக்க அரசு முழு நாணயத் தொகுப்புகளைத் தயாரிக்கச் சொன்னது. எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் அவற்றை எடுத்துக்கொண்டு மஸ்கட் சுல்தானிடமும் சயாம் அரசரிடமும் சேர்த்தார். 1836இல் மக்காவில் இறந்துபோனார். வெள்ளி டாலரும் பத்து டாலர் ஈகிளும் அப்போது வழக்கத்தில் இல்லை. பதிவேட்டைப் புரட்டினால் கடைசியாக 1804இல் அடித்ததாக இருந்தது. அந்தத் தேதியையே போட்டுப் புதிதாக அடித்துவிட்டார்கள்.

அடையாளம் காண்பது எளிது. 1804இலேயே அடித்த ஈகிளில் 4 என்ற எண்ணின் குறுக்குக்கோட்டு முனையில் ஒரு சிறு நிமிர்கோடு இருக்கும். 1834இல் அடித்ததில் அது இல்லாத வெறும் 4. இவற்றில் ஒன்று 2021 ஜனவரி ஏலத்தில் 52.8 லட்சம் டாலருக்குப் போனது.

ஸ்டெல்லா என்பது என்ன? ஏன் அதற்கு இவ்வளவு மவுசு?

1879, 1880 தேதியிட்ட 4 டாலர் நாணயம். ஐரோப்பிய நாணயங்களோடு எளிதில் மாற்றிக்கொள்ள ஒரு சர்வதேச நாணயம் வேண்டும் என்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜான் காசன் யோசனை சொன்னார். அது சட்டமாகவில்லை, மாதிரியாகவே நின்றுவிட்டது. நாணயச்சாலைச் செதுக்குநர்களில் சார்லஸ் பார்பர் செய்ததில் லிபர்ட்டிக்கு விரித்த கூந்தல், ஜார்ஜ் மார்கன் செய்ததில் பின்னிச் சுற்றிய கூந்தல். 1879 விரித்த கூந்தல் நானூற்றுச் சொச்சம் அடித்தார்கள். மற்ற மூன்று வகைகளும் மிகச் சொற்பம். மொத்தம் 7 கிராம்: 6 தங்கம், 0.3 வெள்ளி, 0.7 செம்பு. இந்தக் கணக்கை நாணயத்தின் முகப்பிலேயே பொறித்திருக்கிறார்கள்.

1879 ஸ்டெல்லாவின் நடுவில், முகத்துக்குக் குறுக்கே, மெல்லிய இணைகோடுகள் ஓடுவதைப் பார்த்துப் பலர் ‘யாரோ தேய்த்துவிட்டார்கள்’ என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். அது தங்கத் தகட்டை உருளையில் மெலிதாக்கியபோது விழுந்த கோடு. உண்மை நாணயங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. கோடே இல்லாவிட்டால்தான் நான் இரண்டாவது முறை பார்ப்பேன். இன்னொன்று, பலவற்றைப் பதக்கமாகக் கோத்து அணிந்திருக்கிறார்கள். மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்து எடுத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தரச்சான்று நிறுவனத்தின் உறைக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு தரச்சான்று நிறுவனங்களும் 1980களின் நடுவிலும் பிற்பகுதியிலும் தொடங்கியவை. அவை வந்த பிறகு இந்தச் சந்தையில் மோசடி வெகுவாகக் குறைந்தது. 70 வரை போகும் அளவுகோலில் தரம் சொல்லி, நாணயத்தை முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையில் வைத்துத் தருவார்கள். ப்ரூஃபா இல்லையா என்ற தீர்ப்புக்கு இவர்களைத்தான் நம்ப வேண்டும், அதிலும் சந்தேகமில்லை.

ஆனால் இப்போது உறையையே போலியாகச் செய்கிறார்கள். உறையில் உள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சரியாக வந்துவிட்டது என்று அங்கேயே நிறுத்தாதீர்கள். உண்மையான எண்ணைத்தான் போலி உறையில் அச்சடிப்பார்கள். அங்கே நாணயத்தின் படம் இருந்தால், உங்கள் கையில் இருப்பதன் நூல் தடமும் செம்புப் பொட்டும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

முன்பு யார் வைத்திருந்தார்கள் என்பது ஏன் அவ்வளவு முக்கியம்?

உலகத்திலேயே பதினைந்து இருக்கும் ஒரு பொருளில் பதினாறாவது திடீரென்று முளைத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தானே வேண்டும்? இந்த நாணயங்கள் நூறு வருடத்துக்கும் மேலாக ஏல அட்டவணைகளில் படத்தோடு வந்துகொண்டிருக்கின்றன. பழைய படத்தில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கீறல் தெரிகிறது, உங்கள் நாணயத்திலும் அதே கீறல் அதே கோணத்தில் இருக்கிறது என்றால் அதைவிடப் பெரிய சான்று கிடையாது. எந்தக் கருவிச் சோதனையையும்விட இதைத்தான் நான் மேலாக மதிப்பேன்.

பால்டிமோரைச் சேர்ந்த லூயிஸ் எலியாஸ்பர்க் 1950இல் அமெரிக்க நாணயங்களில் தேதிக்கும் நாணயச்சாலைக்கும் ஒன்று வீதம் அன்று தெரிந்த எல்லாவற்றையும் சேர்த்து முடித்தார். அவருடைய தங்கம் 1982இல் ஏலம் போனது. ரோசெஸ்டரில் கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் ஜே பிட்மன் பெரிய பணக்காரர் இல்லை. பதவியிழந்த எகிப்து அரசர் ஃபரூக்கின் சேகரிப்பு 1954இல் கெய்ரோவில் ஏலத்துக்கு வந்தபோது, வீட்டை அடமானம் வைத்துப் போய் வாங்கினார். 1990களின் இறுதியில் அவை விற்றபோது பெற்ற தொகையைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஃபரூக்கின் நாணயங்கள் பலவற்றைச் சுத்தம் செய்து அரக்குப் பூச்சு கொடுத்திருந்தார்கள் என்பதும் தெரிந்த கதை. ஆகவே அங்கிருந்து வந்தது என்றால் வரலாறு நல்லது, மேற்பரப்பைக் கூர்ந்து பாருங்கள்.

விற்பனைக்கு வராத ஒப்பீட்டுச் சேகரிப்பும் ஒன்று உண்டு. 1838இல் பிலடெல்பியா நாணயச்சாலைக்குள்ளேயே தொடங்கிய அருங்காட்சித் தொகுப்பு 1923இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அடித்த கையோடு எடுத்து வைத்த ப்ரூஃப்கள் அங்கே இருக்கின்றன.

1933இல் அரசாங்கம் தங்கத்தைப் பிடுங்கியதே, இவை எப்படித் தப்பின?

அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஏப்ரல் 1933 ஆணையிலேயே, சேகரிப்பாளர்களுக்குச் சிறப்பு மதிப்புள்ள அரிய நாணயங்களுக்கு விலக்கு இருந்தது. அதனால் வைத்திருந்தவர்களுக்குச் சட்டச் சிக்கல் வரவில்லை.

அழுக்காக இருந்தால் கழுவலாமா?

நகையைப் பூந்திக்கொட்டையில் ஊறவைத்துத் தேய்க்கும் பழக்கத்தில் நாணயத்தையும் தொட்டுவிடாதீர்கள். ப்ரூஃப் தளத்தில் மெல்லிய பஞ்சு பட்டாலே மயிரிழைக் கீறல் விழும். 64க்கும் 66க்கும் இடையில் இருக்கும் பெரிய விலை வித்தியாசம் பெரும்பாலும் அந்தக் கீறல்கள்தான். செந்நிறப் பொட்டுகள் கலவையிலுள்ள செம்பு கசிந்து வந்தவை, இருந்துவிட்டுப் போகட்டும். ஓரத்தை மட்டும் பிடித்து, கீழே மெத்தென்ற துணி விரித்துப் பார்ப்பது போதும்.

எதில் தொடங்கலாம்?

1884 முதல் 1889 வரையான 1 டாலர் ப்ரூஃப்கள் பதிவேட்டின்படி ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல். இந்த வகையில் விலை கொஞ்சமாவது எட்டக்கூடியவை இவைதான். ஆனால் ப்ரூஃப் போல மின்னும் புழக்க நாணயங்கள் அதிகம் கலந்திருப்பதும் இந்த ஆண்டுகளில்தான். ஆகவே சான்று உறை இல்லாமல் ‘நல்ல விலை’ என்று யாராவது நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் 1890களின் குவார்ட்டர் ஈகிளைச் சொல்வேன். கேமியோ அழகாக நிற்கும் காலம் அது. 1902 முதல் உருவத்தையும் சேர்த்து மெருகேற்றத் தொடங்கியதால் அந்த வேறுபாடு போய்விடுகிறது. தேய்ந்த ப்ரூஃப், அதாவது 60க்குக் கீழே தரம் பெற்றது, மூன்றாவது வழி. பெரிய சேகரிப்பாளர்கள் அதைச் சீண்டமாட்டார்கள் என்பதால் 20, 30 மட்டுமே அடித்த ஓர் ஆண்டைக்கூட அந்த வழியில் பிடிக்க வாய்ப்பிருக்கிறது.